கன்ட்ரியும் நியூ வேவும் ஒன்றாக வெந்தபோது: லோன் ஜஸ்டிஸ் ஏன் உடைந்தது?

இரண்டு வகை இசையைக் கலந்து வாசித்த குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்: "ரெண்டையும் கலந்தாங்க, எடுபடலை, பிரிஞ்சுட்டாங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1982-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி 1987-இல் முடிந்துபோன லோன் ஜஸ்டிஸ் என்ற குழுவின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்தக் கணக்கு தவறு என்று தெரியும். அவர்களுடைய கலவை மேடையில் நன்றாகவே எடுபட்டது. அந்தக் குழுவினர் பாடிய பாட்டுகளும் எழுதிய பாட்டுகளும் பிறகு வேறு பாடகர்களின் குரலில் பெரிய வெற்றி கண்டன. உடைந்த இடம் வேறு.

அந்த இடம் எது என்று காட்டுவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மேற்கத்திய இசை கேட்டுப் பழக்கம் இல்லாதவர்களும் தொடர்ந்து வரலாம். தேவையான சொற்களை அங்கங்கே விளக்கிவிடுகிறேன்.

## முதலில், கலப்பது என்றால் என்ன?

சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது ஒன்று. அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்த சாம்பார் சாதம் இன்னொன்று. முதலாவதில் சோறு தனி, சாம்பார் தனி. வேண்டுமானால் ஓரமாகக் கொஞ்சம் வெள்ளைச் சோற்றை ஒதுக்கிக்கொள்ளலாம். இரண்டாவதில் பிரிக்க முடியாது.

இசையிலும் இந்த இரண்டு விதமும் உண்டு. ஒரு ராக் பாட்டின் மேல் நாலு இடத்தில் வயலினை வைத்துவிட்டு, "நாங்கள் கிராமிய இசையைக் கலந்திருக்கிறோம்" என்று சொல்பவர்கள் நிறைய. அது ஊற்றிப் பிசைந்தது. வயலினை எடுத்துவிட்டாலும் பாட்டு அப்படியே நிற்கும். தாளத்திலேயே, பாட்டின் எலும்பிலேயே இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது ஒன்றாக வெந்தது. லோன் ஜஸ்டிஸ் இந்த இரண்டாவது ரகம். அது எப்படி நடந்தது என்று புரிய, இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

## கன்ட்ரி: லாஸ் ஏஞ்சலஸுக்கு அது அந்நியம் இல்லை

கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமத்துப் பாட்டு, கறுப்பின மக்களின் சோகப் பாட்டான ப்ளூஸ், தேவாலயப் பாட்டு இவையெல்லாம் சேர்ந்து உருவாகி, 1920-களில் இசைத்தட்டுகளில் ஏறத் தொடங்கிய இசை. வேலை, குடி, பிரிவு, கடவுள், வீட்டு ஏக்கம் என்று கதை சொல்லும் பாட்டுகள். பெடல் ஸ்டீல் அதன் அடையாளமான வாத்தியங்களில் ஒன்று: மேசைபோல் படுக்கவைத்த கிதாரின் கம்பிகள்மேல் இரும்புத் தண்டை இழுத்து, காலால் பெடலை அழுத்தி வாசிப்பது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது வழுக்கிக்கொண்டு போகும்போது யாரோ விம்முவது போல இருக்கும்.

கன்ட்ரி என்றாலே டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதனால்தான் "லாஸ் ஏஞ்சலஸ் பசங்களுக்கு கன்ட்ரியில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். 1930-களில் ஓக்லஹோமா பக்கம் கடும் வறட்சியும் புழுதிப் புயலும் வந்து நிலம் பாழானபோது, ஏராளமான விவசாயக் குடும்பங்கள் பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குப் போயின. பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் போன்றவர்கள் கூர்மையான மின்கிதாரும் அடித்து நொறுக்கும் தாளமுமாக ஒரு கரடுமுரடான கன்ட்ரியை வளர்த்தார்கள். ஹாகர்ட் அப்படி ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் 1937-இல் பிறந்தவர். ஆக, லோன் ஜஸ்டிஸ் கையில் எடுத்தது அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஐம்பது வருடமாகக் கிடந்த இசை. நாகரிகத்துக்காக ஒட்டிக்கொண்ட தொப்பி இல்லை.

## நியூ வேவ்: பெயரிலேயே ஒரு குழப்பம்

1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் என்ற இசை வெடித்தது. வேகமாக, சத்தமாக, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டுகள். நீண்ட கிதார் வித்தைகள் கிடையாது. அந்த அலையோடு வந்த, ஆனால் இன்னும் கொஞ்சம் மெட்டு, கொஞ்சம் சிந்தசைசர் (மின்னணுவில் ஒலி எழுப்பும் கருவி), கொஞ்சம் நடனம் என்று விரிந்த குழுக்களை நியூ வேவ் என்று அழைத்தார்கள். பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ், டீவோ எல்லாம் இந்தக் கூடைக்குள்தான். "பங்க்" என்றால் ரேடியோக்காரர்கள் முகம் சுளித்தார்கள்; "நியூ வேவ்" என்றால் விற்க எளிதாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகிறது: ஒரு வகையின் பெயர் இசையிலிருந்து மட்டும் பிறப்பதில்லை, விற்பனையிலிருந்தும் பிறக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்திலிருந்து பலர் கன்ட்ரி பக்கம் எட்டிப்பார்த்தார்கள். டில்ஸ் என்ற பங்க் குழுவில் இருந்த கின்மன் சகோதரர்கள் ரேங்க் அண்ட் ஃபைல் என்று ஒரு குழு தொடங்கினார்கள். நாஷ்விலிலேயே ஜேசன் அண்ட் த ஸ்கார்ச்சர்ஸ் பழைய கன்ட்ரி பாட்டுகளை அடித்துத் துவைத்தார்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கலைக்கல்லூரி மாணவர்கள் ரப்பர் ரோடியோ என்ற பெயரில் பெடல் ஸ்டீலையும் சிந்தசைசரையும் ஒரே மேடையில் வைத்தார்கள். இந்தப் போக்கில் கரடுமுரடான பக்கத்துக்கு கவ்பங்க் என்ற பெயரும் வந்தது. லோன் ஜஸ்டிஸும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான். ஆனால் அவ்வளவு பேரிலும் இவர்களைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

## இரண்டும் எங்கே ஒட்டுகின்றன?

பழைய கன்ட்ரியில் ரயில் தாளம் என்று ஒன்று உண்டு. சிறு டிரம்மில் விடாமல் "டக்குடக்கு டக்குடக்கு" என்று ஓடும், நடுநடுவே ஓர் அழுத்தம் விழும். தண்டவாளத்தில் ரயில் பெட்டி போகிற சத்தம்தான். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதார் இரண்டே சுரத்துக்கு நடுவில் ஊஞ்சல்போல் மாறிமாறி ஆடும். இப்போது இந்தத் தாளத்தின் வேகத்தைக் கூட்டுங்கள். இன்னும் கூட்டுங்கள். ஒரு கட்டத்துக்குமேல் அது பங்க் தாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். இதுதான் ரகசியம்.

பாட்டின் கட்டுமானமும் அப்படியே. கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு. மூன்றே கார்டுகளில் முழுப் பாட்டையும் முடித்துவிடுவது கன்ட்ரியின் பழக்கம். பங்கின் பழக்கமும் அதுவே. ஒன்று கிராமத்து எளிமை, இன்னொன்று நகரத்துக் கோபம். எலும்புக்கூடு ஒன்றுதான்.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? குரலில். கன்ட்ரி பாடகர் குரலை உடையவிட்டு அழுவார், பங்க் பாடகர் கத்துவார். இந்த இரண்டையும் ஒரே வரியில் செய்யக்கூடிய தொண்டை ஒன்று வேண்டும். லோன் ஜஸ்டிஸுக்கு அது கிடைத்தது.

சுருக்கமாகச் சொன்னால்: தாளமும் கார்டும் ஏற்கெனவே ஒட்டும் தன்மை கொண்டவை, குரல்தான் பசை. இதுவரை இசை. இனி ஆட்கள்.

## நால்வர்

1982-இல் ரயன் ஹெட்ஜ்காக் என்ற கிதார்க்காரரும் மரியா மெக்கீ என்ற பாடகியும் சேர்ந்து தொடங்கினார்கள். மரியாவுக்கு அப்போது 18 வயதுகூட முழுதாக ஆகியிருந்ததா என்கிற பருவம். 1964 ஆகஸ்டில் பிறந்தவர். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் புகழ்பெற்ற லவ் என்ற குழுவின் ப்ரையன் மெக்லீன் இவருடைய அண்ணன்; இருவருக்கும் பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது. முதலில் பழைய ராக்கபிலி (கன்ட்ரி கலந்த ஆரம்பகால ராக்), கன்ட்ரி பாட்டுகளைத்தான் வாசித்தார்கள்.

அப்புறம் மார்வின் எட்சியோனி பேஸ் கிதாரோடு வந்தார். "சொந்தமாக எழுதுங்கள்" என்று தூண்டியவர் அவர். டிரம்ஸுக்கு டான் ஹெஃபிங்டன். கன்ட்ரி உலகத்தில் பெரிய பெயரான எமிலூ ஹாரிஸின் ஹாட் பேண்ட் குழுவில் வாசித்தவர். ரயில் தாளம் அவருக்குப் பாடம் இல்லை, பழக்கம்.

இந்த நால்வரையும் சமையல் கணக்கில் பாருங்கள். ஹெட்ஜ்காக் பழைய பாட்டின் மேலுள்ள பித்தைக் கொண்டுவந்தார், எட்சியோனி எழுத்தை, ஹெஃபிங்டன் தாளத்தை, மெக்கீ குரலை. ஒவ்வொருவரும் ஒரு பொருள். யார் எழுந்து போனாலும் அந்தப் பொருளும் கூடவே போய்விடும்.

வடக்கு ஹாலிவுட்டில் இருந்த பாலோமினோ என்ற பழைய கன்ட்ரி கிளப்பிலும் வாசித்தார்கள், பங்க் கூட்டம் வருகிற இடங்களிலும் வாசித்தார்கள். இரண்டு கூட்டமும் ஏற்றுக்கொண்டது. அப்போது பெரிய நட்சத்திரமாக இருந்த பாடகி லிண்டா ரான்ஸ்டட் பரிந்துரைக்க, 1983-இல் கெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் போட்டது. ஆரம்பித்து ஒரு வருடம் சொச்சத்தில் இது நடந்தது. இதற்குமேல் நல்ல தொடக்கம் ஒரு குழுவுக்குக் கிடைக்காது.

## வகை என்பது ஒரு முகவரி

கதையின் மையம் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பெரிய கடையில் ஒரு பொருளைத் தேடுகிறீர்கள். சத்துமாவு. குழந்தை உணவு வரிசையில் இருக்குமா, மாவு வரிசையில் இருக்குமா, மருந்துப் பக்கம் இருக்குமா? அது நல்ல மாவுதான், வாங்கவும் ஆள் இருக்கிறார்கள், ஆனால் எந்த அலமாரி என்று கடைக்காரருக்கே நிச்சயம் இல்லாவிட்டால் அது பின்னால் கிடங்கிலேயே தங்கிவிடும்.

1980-களின் அமெரிக்காவில் அந்த அலமாரியின் பெயர் ரேடியோ ஃபார்மட். ஒரு நிலையம் இன்ன வகைப் பாட்டுகளை மட்டுமே ஒலிபரப்பும் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வதுதான் ஃபார்மட். காரணம் ரசனை இல்லை, விளம்பரம். "எங்கள் நேயர்கள் இன்ன வயது, இன்ன வகை ஆட்கள்" என்று விளம்பரதாரரிடம் காட்டினால்தான் காசு. நடுவில் விசித்திரமாக ஒரு பாட்டு வந்து நேயர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டால் நஷ்டம். எனவே நிலைய அதிகாரி ஒரு புதிய பாட்டைக் கேட்கும்போது அவர் மனதில் ஓடுவது "நன்றாக இருக்கிறதா?" என்ற கேள்வி மட்டும் அல்ல. "இதற்கு முன் போட்ட பாட்டுக்கும் பின் போடப்போகும் பாட்டுக்கும் நடுவில் இது உட்காருமா?" என்பதும்தான்.

லோன் ஜஸ்டிஸ் கன்ட்ரி நிலையத்துக்கு மிகவும் முரடு. ராக் நிலையத்துக்கு மிகவும் கிராமம். பாப் நிலையத்துக்கு இரண்டுமே. காதுக்கு எந்தச் சிக்கலும் இல்லை, முகவரிதான் இல்லை.

இதே ஊரில், இதே மாதிரி கிளப்புகளில், பங்க் குழுக்களோடு மேடையைப் பகிர்ந்துகொண்ட ட்வைட் யோகம் என்ற பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் பேக்கர்ஸ்ஃபீல்டின் பிள்ளைதான், இசையில். ஆனால் அவர் பாட்டைக் கேட்டால் சந்தேகமே வராது: இது கன்ட்ரி. 1986-இல் அவருடைய முதல் முழு ஆல்பம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. திறமையில் யார் பெரியவர் என்ற பேச்சே இதில் இல்லை. ஒரு தபாலில் கதவு எண் எழுதியிருந்தது, இன்னொன்றில் இல்லை.

## முன்பணமும் அவசரமும்

இன்னொரு சொல் தெரிய வேண்டும்: முன்பணம். ஒப்பந்தத்தின்போது கம்பெனி குழுவுக்கு ஒரு தொகை கொடுக்கும். பலர் இதைச் சம்பளம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வரப்போகும் வருமானத்தின்மேல் வாங்குகிற கடன் மாதிரி. பதிவுச் செலவும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் ஏறும். ரெக்கார்டு விற்று, குழுவின் பங்கிலிருந்து அந்தத் தொகை கழிந்த பிறகுதான் கையில் காசு வரும்.

இதனால் என்ன ஆகிறது? பெரிய கம்பெனியில் சேர்ந்த குழுவிடம் மெதுவாக, ஊர் ஊராகப் போய் ஆள் சேர்க்கும் பொறுமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சீக்கிரம் ஒரு ஹிட் வேண்டும். ஹிட் வேண்டுமென்றால் ரேடியோ வேண்டும். ரேடியோ வேண்டுமென்றால் முகவரி வேண்டும். முகவரி வாங்க, கலவையிலிருந்து எதையாவது எடுத்தாக வேண்டும்.

யாரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லாமலே இது நடக்கும். "கம்பெனி கொன்றுவிட்டது" என்று ரசிகர்கள் சொல்வதை நான் முழுதாக ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

## 1985: முதல் ஆல்பம்

தயாரிப்பாளராக ஜிம்மி அயோவீன் வந்தார். தயாரிப்பாளர் என்றால் சினிமாவில் பணம் போடுபவர் என்று நினைத்துவிடக் கூடாது. ரெக்கார்டில் பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். ராக் பாடகர் டாம் பெட்டியின் ஆல்பங்களைத் தயாரித்துப் பெயர் எடுத்தவர் அயோவீன். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1985-இல் ஆல்பம் வந்தது.

அதில் முதலில் வெளியிட்ட பாட்டு எது? 'வேஸ் டு பீ விக்கட்'. எழுதியவர்கள் டாம் பெட்டியும் அவருடைய கிதார்க்காரர் மைக் கேம்பலும். அடுத்தது 'ஸ்வீட், ஸ்வீட் பேபி'. அதை மெக்கீயோடு சேர்ந்து எழுதியவர்கள் பென்மான்ட் டென்ச், ஸ்டீவன் வான் ஸாண்ட். முதலாமவர் பெட்டியின் குழுவைச் சேர்ந்தவர், இரண்டாமவர் இன்னொரு ராக் நட்சத்திரமான ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் குழுவில் இருந்தவர். பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான், சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள்: குழுவை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய முதல் பாட்டில் அவர்கள் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை. ராக் ரேடியோவின் மொழி தெரிந்தவர்கள் எழுதிய பாட்டு அது. முகவரி எழுதும் முதல் முயற்சி.

ஆல்பத்தின் ஒலியும் பெரிதாகிவிட்டது. டிரம்ஸ் பெரிய மண்டபத்தில் இடி விழுவது போல ஒலிப்பது அந்தக் காலத்துப் பாணி. ரயில் தாளத்துக்கு அது ஆகாது. ரயில் தாளம் சின்னச் சின்ன அடிகளால் ஆனது; ஒவ்வோர் அடிக்கும் எதிரொலி சேர்த்தால் அடுத்த அடி அதில் மூழ்கிவிடும்.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். யூ2 குழுவின் கச்சேரிகளில் முன்னதாக வாசிக்கும் வாய்ப்பு வந்தது. ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பட்டியலில் முதல் பாட்டு 71-ஆம் இடத்திலும் அடுத்தது 73-ஆம் இடத்திலும் நின்றுவிட்டன. ஆல்பம் பட்டியலில் 56.

எந்த எதிர்பார்ப்பும் இல்லாத ஒரு புதுக் குழுவுக்கு இது கௌரவமான எண். இவர்களுக்கோ இது தோல்வி என்று எழுதப்பட்டது. எண் மாறவில்லை, ஒப்பிட்ட அளவுகோல்தான் பெரிது.

## பிரிவு என்பது ஒரே நாளில் நடப்பதல்ல

முதல் ஆல்பத்துக்குப் பிறகு எட்சியோனியும் ஹெஃபிங்டனும் விலகினார்கள். அடுத்து, குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஹெட்ஜ்காக்கும் போனார். மெக்கீயைச் சுற்றிப் புதியவர்கள் வந்தார்கள்: கிதாரில் ஷேன் ஃபான்டெய்ன், கீபோர்டில் ப்ரூஸ் ப்ராடி, இன்னும் சிலர். 1986-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ஷெல்டர்'. அதன் தயாரிப்பில் அயோவீனோடு ஸ்டீவன் வான் ஸாண்டும் இருந்தார்.

நான் முன்னால் சொன்ன சமையல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். எழுத்தும் தாளமும் பழைய பாட்டின் பித்தும் வெளியே போய்விட்டன. குரல் மட்டும் மிச்சம். 'ஷெல்டர்' கீபோர்டுகள் நிறைந்த, விரிந்த ராக் ஆல்பம். அதன் தலைப்புப் பாட்டு அதே முதல் நூறு பட்டியலில் 47-ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பட்டியலில் குழு தொட்ட உச்சம் அதுதான். முகவரி ஒருவழியாக எழுதியாயிற்று, அந்த வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.

1987-இல் லோன் ஜஸ்டிஸ் முடிந்தது. மெக்கீ தனியாகப் பாடப் போனார். அந்த முடிவை "பிரிந்தார்கள்" என்று சொல்வதே எனக்கு உறுத்துகிறது. நால்வரின் குழு அதற்கு முன்பே, ஒவ்வொருவராக, முடிந்துபோயிருந்தது. கடைசியில் மூடியது பெயர்ப்பலகையை மட்டும்.

## பாட்டுகள் மட்டும் தப்பித்தன

கலவையில் குறை இருந்ததா என்று சோதிக்க ஒரு நல்ல வழி, பிறகு அந்தப் பாட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது.

மெக்கீ எழுதிய 'எ குட் ஹார்ட்' என்ற பாட்டை ஃபெர்கல் ஷார்க்கி என்ற பாடகர் பாடி, 1985 நவம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். லோன் ஜஸ்டிஸின் முதல் ஆல்பம் வந்து அமெரிக்கப் பட்டியலில் தடுமாறிய அதே வருடம். அந்த ஆல்பத்தில் இருந்த 'டோன்ட் டாஸ் அஸ் அவே' மரியாவின் அண்ணன் ப்ரையன் எழுதியது. அதை 1989-இல் கன்ட்ரி பாடகி பேட்டி லவ்லெஸ் பாட, கன்ட்ரி பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தது. மெக்கீயே 1990-இல் ஒரு சினிமாவுக்காகப் பாடிய 'ஷோ மீ ஹெவன்' பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஒவ்வொரு பாட்டும் ஒரு தெளிவான அலமாரிக்குப் போனதும் விற்றுவிட்டது.

அலமாரியும் பிறகு வந்தது. 1990-களில் பங்கும் கன்ட்ரியும் கலந்து வாசித்த புதிய தலைமுறைக்கு ஆல்ட் கன்ட்ரி என்று பெயர் கிடைத்தது. அமெரிக்கானா என்ற பெயரும் நிலைத்து, 2010 முதல் கிராமி விருதில் சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்கென்றே தனிப் பரிசு கொடுக்கிறார்கள். லோன் ஜஸ்டிஸ் உடைந்து 23 வருடம் கழித்து.

## எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒரே பாட்டை இரண்டு பதிவில் கேட்டால் மேலே சொன்ன அத்தனையும் காதுக்கே புரிந்துவிடும். 'சோப், சூப் அண்ட் சால்வேஷன்' என்று ஒரு பாட்டு. 1985 ஆல்பத்தில் இருப்பதை முதலில் கேளுங்கள். பிறகு, 1983 டிசம்பரில் டேவிட் வாட் என்ற ஒலிப்பதிவாளர் முன்னால் நால்வரும் ஒன்றாக நின்று வாசித்த பதிவைக் கேளுங்கள். 'வாட் டேப்ஸ்' என்ற பெயரில் அது 2014-இல்தான் வெளியே வந்தது. முப்பது வருடம் பெட்டிக்குள் இருந்த பதிவில் ஹெஃபிங்டனின் சின்ன டிரம் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, வறண்டு, காதுக்குப் பக்கத்தில் விழுகிறது. அதன்மேல் அந்தப் பத்தொன்பது வயதுக் குரல் ஏறி ஓடுகிறது.

ஹெஃபிங்டன் 2021-இல் காலமானார். 2024-இல் மெக்கீ, ஹெட்ஜ்காக், எட்சியோனி மூவரும் 'விவா லோன் ஜஸ்டிஸ்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். டிரம்ஸ், ஹெஃபிங்டன் உயிரோடு இருந்தபோது வாசித்து வைத்துவிட்டுப் போனது.